எண்ணூர், கிருஷ்ணபட்டினம் கரியமில வாயுவை எந்தப் பழைய எரிவாயு வயலில் புதைப்பது?

கும்மிடிப்பூண்டிக்கும் தடாவுக்கும் இடையில் குடியிருப்பவர்களுக்குப் புகை இரண்டு பக்கமும் இருக்கிறது. தெற்கே வல்லூரில் 1,500 மெகாவாட், பக்கத்திலேயே வடசென்னை அனல்மின் நிலையத்தின் அலகுகள். வடக்கே சூலூர்பேட்டை, நாயுடுபேட்டை தாண்டிப் போனால் கிருஷ்ணபட்டினத்தில் இன்னும் பெரிய நிலையங்கள். நிலக்கரியில் ஒரு மெகாவாட்-மணி மின்சாரம் எடுத்தால் ஏறக்குறைய ஒரு டன் கரியமில வாயு வெளியே போகும். வல்லூர் மட்டும் எழுபது சதவீதத் திறனில் ஓடினாலே ஆண்டுக்கு எண்பது லட்சம் டன்னுக்கு மேல் ஆகிவிடும். இதைப் பிடித்து நிலத்தடியில் புதைக்கலாம் என்ற பேச்சு அரசு அளவிலும் வந்துவிட்டது, நிதி ஆயோக் 2022-லேயே அறிக்கை போட்டது. எங்கே புதைப்பது என்று கேட்டால் மட்டும் எல்லாரும் சட்டென்று ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: ஆந்திரக் கடலில் எரிவாயு தீர்ந்த வயல் இருக்கிறதே, அதில் விட்டுவிடலாம்.

எனக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. ஒரு வயலில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை நான் கடைசியில்தான் கேட்பேன். முதலில் கேட்க வேண்டியது, அந்த வயலில் இதுவரை எத்தனை துளை போட்டிருக்கிறார்கள், அவற்றை எப்படி அடைத்திருக்கிறார்கள் என்பது. இரண்டாவது, வாயு வெளியேறிய இடத்துக்குள் பிறகு என்ன புகுந்தது என்பது. மூன்றாவது, மேலே யார் குடியிருக்கிறார்கள். இந்த வரிசையில் பார்த்தால் நம் பக்கத்து வயல்களின் தரவரிசை வழக்கமாகச் சொல்வதிலிருந்து நிறையவே மாறிவிடுகிறது.

பழைய எரிவாயு வயலை ஏன் தேடுகிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். அங்கே மேலே இருக்கும் மூடுபாறை பல லட்சம் ஆண்டுகள் மீத்தேனைக் கசியவிடாமல் பிடித்து வைத்திருந்தது, அதற்குமேல் சான்றிதழ் எந்த ஆய்வகமும் தர முடியாது. தவிர, அந்தப் பாறையின் கனம், நுண்துளை, அழுத்தம் எல்லாம் வருடக்கணக்காக அளந்து கோப்பில் இருக்கும். கரியமில வாயு 31 டிகிரி வெப்பத்துக்கும் 74 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தத்துக்கும் மேலே போனால் திரவம் மாதிரி அடர்த்தியாகிவிடும், அதற்குச் சுமார் 800 மீட்டர் ஆழம் போதும். பெரும்பாலான வாயு வயல்கள் அதைவிட ஆழமானவை. தோராயமான கணக்கு ஒன்றும் உண்டு: நூறு கோடி கன மீட்டர் மீத்தேன் எடுத்த இடத்தில், அழுத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வரை, 25 முதல் 30 லட்சம் டன் கரியமில வாயு கொள்ளும். அதே மீத்தேனை எரித்தால் வருவது 19 லட்சம் டன்தான். எடுத்த வாயு உண்டாக்கும் கழிவைவிட அது இருந்த இடம் பெரியது, இதைக் கேட்டவுடன் பலருக்கு உற்சாகம் வந்துவிடுகிறது.

உற்சாகத்தை அடக்க வேண்டிய இடம் கிணறுகள். மூடுபாறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதை ஊடுருவிப் போன ஒவ்வொரு கிணறும் ஒரு சாத்தியமான வழி. கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் அமிலமாகும். கிணற்றுக்குள் சுவர்போல இறக்கும் எஃகுக் குழாயான கேசிங்கையும், அதைச் சுற்றி ஊற்றிய சிமெண்டையும் அது மெல்லத் தின்னும். முப்பது நாற்பது வருடம் முன்பு கிணற்றை மூடியவர்கள் மீத்தேனை மனதில் வைத்து மூடினார்கள், கரியமில வாயுவை நினைத்து யாரும் சிமெண்ட் கலக்கவில்லை. கலிஃபோர்னியாவின் அலிசோ கேன்யனில் நடந்தது இதற்கு நல்ல பாடம். அது எண்ணெய் தீர்ந்த வயலை எரிவாயு சேமிக்கப் பயன்படுத்திய இடம். 1953-ல் தோண்டிய ஒரே ஒரு கிணற்றின் கேசிங் அரித்து உடைந்தது, 2015 அக்டோபரில் தொடங்கிய கசிவை 2016 பிப்ரவரியில்தான் நிறுத்த முடிந்தது, அதற்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் டன் மீத்தேன் காற்றில் கலந்துவிட்டது. கெட்டுப்போனது ஒரு கிணறு மட்டுமே, பாறைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்தது அழுத்தம். வாயு எடுத்து எடுத்து ஒரு வயலின் அழுத்தம் 20, 30 பாருக்கு இறங்கியிருந்தால் நிறைய இடம் கிடைக்கும். ஆனால் அதிக அழுத்தத்தில் வரும் கரியமில வாயுவை அவ்வளவு தாழ்ந்த அழுத்தத்துக்குள் விட்டால் அது விரிந்து கடுமையாகக் குளிரும், சமையல் சிலிண்டரைச் சட்டென்று திறந்தால் ரெகுலேட்டர் சில்லிடுகிறதே, அதுவேதான், அளவு மட்டும் ஆயிரம் மடங்கு. கிணற்றடியில் தண்ணீரும் வாயுவும் சேர்ந்து உறையும் ஹைட்ரேட் பனிபோலப் படிந்து அடைத்துக்கொள்ளும், குளிரில் சிமெண்ட் சுருங்கி விரிசல் விடும். அதனால் முதல் சில ஆண்டுகள் வாயுவைச் சூடாக்கி மெதுவாக விட வேண்டியிருக்கும். இது செலவுதான், ஆனாலும் சமாளிக்க முடிந்த செலவு. தண்ணீர் புகுந்த வயலின் கதை வேறு. வாயு வெளியேற வெளியேறப் பக்கத்திலிருந்து நீர் உள்ளே வந்துவிட்டால் அழுத்தம் இறங்காது, குளிர்ச்சித் தொல்லையும் இருக்காது. ஆனால் இடமும் போய்விடும், அந்தத் தண்ணீரைத் தள்ளித்தான் நாம் நுழைய வேண்டும்.

சரி, வயல்களுக்கு வருவோம். அதற்கு முன்னால் நம் ஊரில் கேட்கிற கேள்வி ஒன்று: ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும், இங்கேயே கீழே விட முடியாதா? முடியாது. நமக்குக் கீழே இருப்பது பாலாற்றுப் படுகை என்று சொல்லும் பழைய படிவப் பாறை. சத்தியவேடு பக்கம் போனால் அதன் மணலும் கூழாங்கல்லும் கலந்த பாறை தரைக்கு மேலேயே தலைகாட்டும். இந்தப் படுகையில் வணிக அளவில் வாயு எடுத்ததே இல்லை, ஆகவே எதையும் பிடித்து வைத்ததற்கான சாட்சியும் இல்லை. போதாக்குறைக்கு மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடல் நீர் உள்ளே வந்தது பழைய கதை. அந்த நிலத்தடியில் இன்னொரு பரிசோதனை வேண்டாம்.

பக்கத்தில் உண்மையாகவே வாயு எடுத்த இடம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஆந்திராவின் கோனசீமா. தாட்டிபாக்காவைச் சுற்றி ஓஎன்ஜிசி பல பத்தாண்டுகளாகத் தோண்டிய தரைவழி வயல்கள். தரையில் இருப்பதால் செலவு குறைவு, கண்காணிப்பு எளிது, குழாய்த் தடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. தாள் கணக்கில் இதுதான் முதலிடம் பிடிக்கும். எனக்கு இது கடைசி இடம். தென்னந்தோப்புக்கும் வீட்டுக்கும் நடுவே கிணறு, கிணற்றைச் சுற்றி ஊர், அதுவும் கோதாவரி டெல்டாவின் நெருக்கமான ஊர். பாசர்லபூடியில் 1995 ஜனவரியில் வெடித்துத் தீப்பிடித்த கிணறு இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்தது. 2014 ஜூன் 27 அன்று நகரம் கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஜனங்களிடம் போய், இனி வெளியே எடுக்கப்போவதில்லை, உள்ளே விடப்போகிறோம் என்றால் யார் கேட்பார்கள்? கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே நியாயமில்லை. நெதர்லாந்தில் பாரென்ட்ரெக்ட் என்ற ஊரின் கீழே இருந்த வாயு வயல்களில் ஷெல் நிறுவனம் புதைக்கப் பார்த்தது. பாறை நல்ல பாறை, ஆனால் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை, 2010-ல் அரசே திட்டத்தைக் கைவிட்டது. அதன்பிறகு அந்த நாடு கடலுக்குள் போய்விட்டது.

அப்படிக் கடலுக்குள் போனால் நமக்குக் கிடைப்பது கேஜி-டி6, கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் ரிலையன்ஸ் வாயு எடுக்கும் கடல் தொகுதி. அதன் டி1, டி3 வயல்கள் 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கி 2020 பிப்ரவரியில் நின்றுபோனவை. இடத்தைப் பொறுத்தவரை இந்தப் பட்டியலில் இதற்குப் போட்டியே இல்லை. டி6 தொகுதி அதுவரை தந்ததைச் சுமார் மூன்று டிரில்லியன் கன அடி, அதாவது 8,500 கோடி கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன கணக்கில் இருபது கோடி டன்னுக்கு மேல் வருகிறது. வல்லூரின் புகைக்கு இருபத்தைந்து ஆண்டு. மேலே குடியிருப்பு கிடையாது. கிணறுகள் புதியவை, எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றின் வரலாறும் தெரியும். என் முதல் கேள்விக்கு இது நல்ல மதிப்பெண் வாங்குகிறது.

இரண்டாவது கேள்வியில்தான் இடறுகிறது. 2006-ல் போட்ட திட்டப்படி இந்த வயல்களிலிருந்து நாளொன்றுக்கு எட்டுக் கோடி கன மீட்டர் வந்திருக்க வேண்டும், எடுக்கக்கூடிய இருப்பு பத்து டிரில்லியன் கன அடி என்றார்கள். 2010 வாக்கில் ஆறு கோடியைத் தொட்டுவிட்டுச் சரியத் தொடங்கியது, கிணறுகளுக்குள் தண்ணீரும் மணலும் வருகின்றன என்று காரணம் சொன்னார்கள். அந்தச் சரிவு யார் தவறு என்ற அரசியல் சண்டை இங்கே வேண்டாம். நமக்கு வேண்டிய செய்தி தண்ணீர் வந்தது என்பது. அப்படியானால் அந்த இருபது கோடி டன்னில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம். வயலின் கொள்ளளவை ஆரம்பத்தில் அறிவித்த இருப்பை வைத்துக் கணக்கிட்டு யாராவது கட்டுரை எழுதினால் அந்தப் பக்கத்தை அங்கேயே மூடிவிடுங்கள். உண்மையில் வெளியே வந்த வாயுவில் தொடங்கி, உள்ளே வந்த தண்ணீரைக் கழித்தால்தான் கணக்கு.

இன்னொன்று, பலர் வழக்குச் செய்தியாக மட்டும் படித்துவிட்டுப் போனது. பக்கத்து ஓஎன்ஜிசி தொகுதியிலிருந்து வாயு ரிலையன்ஸ் பக்கம் நகர்ந்து போனதா என்ற தகராறில் டிகோலியர் அண்ட் மேக்நாட்டன் என்ற ஆலோசனை நிறுவனம் 2015-ல் ஓர் அறிக்கை கொடுத்தது, சுமார் 1,100 கோடி கன மீட்டர் எல்லை தாண்டியிருக்கிறது என்று. பணம் யாருக்கு என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். அந்த மதிப்பீடு சரியானால் இரண்டு தொகுதிகளின் மணற்பாறை ஒன்றோடொன்று தொடர்புள்ளது. மீத்தேன் இந்தப் பக்கம் வந்தது அழுத்தம் இங்கே குறைந்ததால். நாம் இங்கே கரியமில வாயுவை அழுத்தி நிரப்பினால், இன்னும் உற்பத்தி நடக்கும் பக்கத்து வயலை நோக்கி அது நகராது என்பதற்கு என்ன உத்தரவாதம்? பக்கத்து வயல்காரர் தன் மீத்தேனோடு நம் கரியமில வாயுவும் கலந்து வருவதைப் பார்த்துச் சும்மா இருப்பாரா? அதனால் அந்தப் பகுதியில் மிச்சமிருக்கும் வாயுவை எல்லாரும் எடுத்து முடிக்கும் வரை டி1, டி3-ஐத் தொடக்கூடாது என்பது என் கட்சி. அரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆழமான கடலில் வேலை செய்யும் செலவு இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது, அதுவே தனி மலை.

ஆழமில்லாத கடல் வேண்டுமென்றால் அதே ஆந்திரக் கரையோரம் ரவ்வா இருக்கிறது. 1987-ல் ஓஎன்ஜிசி கண்டுபிடித்து, பிறகு கெய்ர்ன் நிறுவனம் எடுத்து நடத்திய வயல், எஸ்.யானம் கரையில் முனையம். செலவும் பாதுகாப்பும் சேர்த்துப் பார்த்தால் மிகப் பொருத்தமான இடம் இந்த மாதிரி ஆழமில்லாத கடல்தான். ஆனால் ரவ்வா பெரும்பாலும் எண்ணெய் வயல், எண்ணெயை வெளியே தள்ளத் தண்ணீரை உள்ளே செலுத்தியே ஓட்டினார்கள், ஆகவே காலியிடம் குறைவு. உற்பத்தியும் முடிந்தபாடில்லை. வயல் மூடும்போது கிணறுகளை எப்படி அடைப்பது என்பதை இப்போதே கரியமில வாயுவை மனதில் வைத்து முடிவு செய்தால், பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு வழி மிச்சமிருக்கும். செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

தெற்கே திரும்பினால் காவிரிப் படுகை. நரிமணம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால், குத்தாலம் என்று சிறு சிறு வயல்கள். இவற்றின் அளவு எவ்வளவு என்று பாருங்கள்: ஒரு 100 மெகாவாட் எரிவாயு மின் நிலையத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் ஐந்து லட்சம் கன மீட்டர் வேண்டும். அதைப் பதினைந்து ஆண்டு நிறுத்தாமல் ஓட்டும் அளவு வாயு ஒரே வயலிலிருந்து வந்தது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அந்தக் குழியில் கொள்வது எழுபத்தைந்து லட்சம் டன். வல்லூரின் ஒரு வருடத்துக் கணக்குக்கே காணாது. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதைத் தடுக்கிறது, கதிராமங்கலத்தில் 2017-ல் குழாய் கசிந்து நடந்ததை அந்த ஊர் மறக்கவில்லை. இவ்வளவு சிறிய இடத்துக்காக அவ்வளவு பெரிய சண்டை தேவையா? தேவையில்லை. கடலுக்குள் இருக்கும் பிஒய்-1 வயலை யாராவது சொன்னால் அதையும் தள்ளிவிடலாம்; அங்கே வாயு இருந்தது விரிசல் விட்ட கிரானைட்டில், எந்த விரிசல் எதுவரை போகிறது என்று தெரியாத பாறையில் அழுத்தம் ஏற்றுவது சரியான யோசனை ஆகாது.

மிச்சம் ராமநாதபுரம். பெரியபட்டினம், வாலாந்தரவை பக்கத்து வயல்களில் வருவது பெரும்பாலும் வாயு, வழுதூர் மின் நிலையம் ஓடுவது அந்த வாயுவில்தான். டெல்டாச் சட்டத்தின் எல்லைக்குள் அந்த மாவட்டம் வராது. நம் ஊரிலிருந்து தொலைவுதான், ஆனால் தூத்துக்குடி பக்கம். அங்கே ஓர் உப்பு-சோடா ஆலை 2016 முதல் தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு அறுபதாயிரம் டன் கரியமில வாயுவைப் பிடித்து உற்பத்திக்கே பயன்படுத்துகிறது. பிடிக்கும் தொழில்நுட்பம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஓடுகிறது, தெரியாததெல்லாம் நம் பாறை எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான். ஆஸ்திரேலியாவில் ஆட்வே என்ற இடத்தில் 2008-ல் தொடங்கி ஒரு சின்ன தீர்ந்த வாயு வயலில் 65,000 டன் விட்டுப் பார்த்தார்கள்; மேலே மாடு மேயும் நிலம், கீழே இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் பரிசோதனை. அந்த அளவில் ஒன்று இங்கே செய்தால் கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும். ஆனால் அங்கேயும் ஊர் எளிதில் தலையசைக்காது, 2025-ல் அந்த மாவட்டத்தில் புதிய சோதனைக் கிணறுகளுக்குக் கிடைத்த அனுமதியையே திரும்பப் பெறச் சொன்னது மாநில அரசு. புதிய கிணறு போடாமல், உற்பத்தி நின்ற பழைய கிணற்றையே செப்பனிட்டு, கிராமசபையில் அளவுகளைப் பகிரங்கமாக வைத்துச் செய்தால் ஒருவேளை நடக்கும்.

போக்குவரத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் குழாய் போட்டால் அது நம் ஊர் வழியாகத்தான் போகும். எண்ணூரிலிருந்து கோதாவரிக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது, நெல்லூர், பிரகாசம் மாவட்டங்களின் வயல்வெளி முழுக்கக் கடக்க வேண்டும். கரியமில வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாமல் பள்ளத்தில் தேங்கும். அமெரிக்காவின் மிசிசிப்பியில் சட்டார்ஷியா என்ற ஊருக்கருகே 2020 பிப்ரவரியில் குழாய் உடைந்தபோது நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆக்சிஜன் இல்லாமல் வண்டி எஞ்சின்கள் நின்றுவிட்டதால் ஓடித் தப்பவும் சிரமப்பட்டார்கள். நார்வேயில் நார்தர்ன் லைட்ஸ் திட்டம் இதைத் திரவமாக்கிக் கப்பலில் கொண்டுபோகிறது, 2025-ல் புதைக்கவும் தொடங்கிவிட்டது. எண்ணூரிலும் துறைமுகம் இருக்கிறது, கிருஷ்ணபட்டினத்திலும் இருக்கிறது. கப்பல் என்றால் வயலையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம், குழாய் போட்டுவிட்டால் ஒரே வயலோடு கட்டிப்போட்ட மாதிரி.

அப்புறம் எந்தப் புகையை முதலில் பிடிப்பது என்பது. நிலக்கரிப் புகையில் கரியமில வாயு எட்டில் ஒரு பங்குதான், பிரித்தெடுக்க நிலையத்தின் மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அதற்கே போய்விடும். தீர்ந்த வயல்களில் இதுவரை ஓடியவை எல்லாம் சுலபமான வாயுவில் தொடங்கியவை. தென் ஆஸ்திரேலியாவின் மூம்பாவில் 2024 முதல் ஆண்டுக்கு 17 லட்சம் டன் என்ற அளவில் புதைக்கிறார்கள், அது இயற்கை எரிவாயுவைச் சுத்தம் செய்யும்போது தானாகப் பிரிந்து வருவது. ராட்டர்டாமின் போர்த்தோஸ் திட்டமும் சுத்திகரிப்பு ஆலைகளின் ஹைட்ரஜன் பிரிவுகளிலிருந்து எடுத்து, கடலுக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே உள்ள தீர்ந்த வயல்களில் 3 கோடியே 70 லட்சம் டன் வைக்கப் போகிறது. நம் பக்கம் அதற்கு இணை மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும். வல்லூர் பிறகு வரட்டும்.

ஆகவே என்னைக் கேட்டால் ராமநாதபுரத்தில் சிறிய அளவில் ஒரு சோதனை, டி1, டி3-க்குத் தண்ணீரையும் பக்கத்துத் தொடர்பையும் அளக்கும் ஆய்வு மட்டும், ரவ்வாவுக்கு மூடும் முறையில் இப்போதே ஒரு திருத்தம், கோனசீமாவையும் காவிரி டெல்டாவையும் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவது. கோனசீமாவின் பழைய கிணறுகள் ஒவ்வொன்றின் சிமெண்ட் ஆவணமும் பொதுவில் வந்து, ஊரும் ஒத்துக்கொண்டால் என் எண்ணம் மாறலாம்.

வயல் எதுவானாலும் அதற்கு முன்னால் ஒரு தாள் வேண்டும். புதைத்து முடித்து, கம்பெனி கணக்கை மூடிவிட்டுப் போன பிறகு, நாற்பதாவது ஆண்டில் கிணறு கசிந்தால் யார் பொறுப்பு? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 விதிப்படி, மூடிய பிறகு பொதுவாகக் குறைந்தது இருபது ஆண்டுகள் நிறுவனமே பொறுப்பு, எல்லாம் நிலையாக இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் அரசு ஏற்கும், அதன்பின் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கான கண்காணிப்புச் செலவுக்கும் முன்பணம் கட்ட வேண்டும். இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. அது எழுதப்படும் வரை எந்த வயலுக்கும் குத்தகை கையெழுத்தாகக் கூடாது.